ஹெட் வேலைக்குப் பின் வால்வு சிக்கினால்: கம்ப்ரஷன் டெஸ்டா, லீக் டவுன் டெஸ்டா?

கைடு (வால்வுத் தண்டு ஏறி இறங்கும் குழல்) மாற்றி, சீட் (வால்வு மூடும்போது உட்காரும் வளையம்) வெட்டி, வால்வு லேப்பிங் (வால்வைச் சீட்டோடு தேய்த்துப் பொருத்துவது) முடித்துச் சிலிண்டர் ஹெட்டைப் பூட்டிய எஞ்சின், ஸ்டார்ட் செய்ததும் ஒரு சிலிண்டர் மிஸ்ஸிங்கோடு (அதில் எரிதல் தவறி) குலுங்கினால், ஹெட்டை மறுபடி இறக்குவதற்கு முன் எந்தச் சோதனையை நம்புவது என்று முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. என்னுடைய பழைய கார்புரேட்டர் மாருதி 800-இல் இந்த நிலை வந்தபோது இரண்டு சோதனைகளையும் செய்து பார்த்தேன். ஹெட் வேலை முடிந்த எஞ்சினுக்கு லீக் டவுன் டெஸ்ட்தான் பொருத்தம் என்பது என் கருத்து.

கம்ப்ரஷன் டெஸ்ட் எல்லோருக்கும் தெரிந்ததே. எல்லா பிளக்கையும் கழற்றி, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்து, செல்ஃப் அடித்து, சிலிண்டரில் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்று கேஜில் பார்த்தால் போதும். செலவு குறைவு, கம்ப்ரசர் தேவையில்லை. ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு மீண்டும் பார்த்து, அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட் என்று ஊகிக்கலாம். ஆனால் எந்த வால்வு, ஏன் மூடவில்லை என்பதை அந்த முள் சொல்லாது; ஹெட்டைத் திரும்ப லேத் பட்டறைக்கு அனுப்புவதா வேண்டாமா என்பதோ அந்த விடையில்தான் இருக்கிறது.

லீக் டவுன் டெஸ்ட்டில் அந்த சிலிண்டரின் பிஸ்டனைக் கம்ப்ரஷன் முடிவில் மேல் உச்சத்தில் நிறுத்தி, பிளக் துளை வழியாகக் காற்றைச் செலுத்தி, எத்தனை சதவீதம் கசிகிறது என்று பார்க்கிறோம். காற்று கிராங்கைச் சுழற்றிவிடும் என்பதால் டாப் கியர் போட்டு ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைப்பது அவசியம். சதவீதத்தைவிடக் காது முக்கியம்: கார்புரேட்டர் வாயில் சீறல் கேட்டால் இன்டேக் வால்வு, சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் கேட்டால் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட்.

இந்தச் சோதனையை நான் தேர்ந்தெடுக்கக் காரணம் இதற்கு அடுத்த படிதான். சீறல் சைலன்சரில் கேட்கும்போதே, காற்றை நிறுத்தாமல், அந்த வால்வின் ராக்கர் (வால்வை அழுத்தித் திறக்கும் நெம்புகோல்) ஸ்க்ரூவை முழுக்கத் தளர்த்த வேண்டும். சத்தம் அடங்கிவிட்டால் வால்வில் குறையில்லை. டேப்பட் இடைவெளி (ராக்கருக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவே விட வேண்டிய சிறு இடைவெளி) இல்லாமல் ராக்கர் அதை அழுத்திக்கொண்டிருந்திருக்கிறது. சீட் வெட்டியபின் வால்வுத் தண்டு சற்று மேலேறுவது இயல்பு என்பதால், இடைவெளியைப் புதிதாக வைக்காத எஞ்சினில் இதற்கு வாய்ப்பு அதிகம். தளர்த்தியும் அடங்காவிட்டால், பிளாஸ்டிக் சுத்தியலால் தண்டின் முனையை மெல்லத் தட்டிவிட வேண்டும். வால்வு திறந்து மூடும்போது சீறல் ஒரு கணம் பெருத்து, பிறகு நின்றுவிட்டால், சீட்டில் ஒட்டியிருந்த துகள் விலகியிருக்கிறது அல்லது கைடுக்குள் சிக்கிய தண்டு விடுபட்டிருக்கிறது. எத்தனை தட்டியும் மாறாவிட்டால் வளைந்த தண்டு, சரியாக வெட்டாத சீட் அல்லது இறுகப் பிடித்த கைடு. அப்போது ஹெட்டை இறக்கியே ஆக வேண்டும். என் வண்டியில் ராக்கரைத் தளர்த்தியதுமே சத்தம் நின்றது, ஹெட் இறங்கவில்லை.

இரண்டு சோதனைகளுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. புதிய கைடின் துளையை ரீமரால் அளவுக்குக் குடையும்போது தண்டுக்கு இடைவெளி குறைவாக விட்டிருந்தால், எஞ்சின் சூடேறி எக்ஸாஸ்ட் தண்டு விரிந்தபின்தான் வால்வு பிடிக்கும். குளிர்ந்த எஞ்சினில் இரண்டுமே நல்ல முடிவைக் காட்டலாம். ஆகவே வண்டியை ஓட்டி, மிஸ்ஸிங் வந்தவுடன் நிறுத்தி, சூடு ஆறுமுன் சோதிப்பது நல்லது. ஓடும் எஞ்சினில் வேக்யூம் கேஜ் (இன்டேக் வழியிலுள்ள வெற்றிடத்தை அளப்பது) முள் விட்டுவிட்டுத் துள்ளுவதும் இதற்கு ஓர் அறிகுறி என்றாலும், அதைக் கொண்டு மட்டும் முடிவெடுக்கும் அளவுக்கு எனக்குப் பழக்கம் போதாது. எண்ணெய் அழுத்தத்தால் இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டேப்பட் உள்ள எஞ்சின்களில் தளர்த்த ஸ்க்ரூ இல்லாததால், ராக்கரையோ கேம் ஷாஃப்ட்டையோ கழற்றித்தான் இதே சோதனையைச் செய்ய முடியும். அங்கே வேலை கூடுவதால், முதலில் கம்ப்ரஷன் டெஸ்ட் செய்து சந்தேகத்துக்குரிய சிலிண்டரைக் கண்டுபிடித்துக்கொள்வது நேரத்தை மிச்சப்படுத்தும்.