லீட் ஃபார்ம் எங்கே இருக்க வேண்டும்? சில வருடங்கள் ஓட்டிப் பார்த்த பிறகு

மார்க்கெட்டிங் ஆட்டோமேஷன், அதாவது லீட்களின் (வாடிக்கையாளர் ஆகக்கூடியவர்களின்) விவரத்தைச் சேர்த்து அவர்களுக்கு ஈமெயில் அனுப்பும் மென்பொருள் வாங்கும்போது, ஈமெயில் எப்படி, லீட் ஸ்கோரிங் (யார் வாங்க வாய்ப்பு அதிகம் என்று மதிப்பெண் போடுவது) எப்படி, மாதம் எவ்வளவு என்றெல்லாம் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அந்த விவரத்தை வாங்கும் ஃபார்ம் எங்கே உட்காரப் போகிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை, அதை டெவலப்பர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுவார்கள். வாங்கிய பிறகு அடிக்கடி தலைவலி கொடுப்பது என்னவோ அதுதான். பார்டாட், ஹப்ஸ்பாட், மாட்டிக் மூன்றையும் வேறு வேறு கம்பெனிகளுக்காக வருடக்கணக்கில் ஓட்டியிருக்கிறேன், அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

முதலில் ஐஃப்ரேம், அதாவது நம் பக்கத்துக்குள் இன்னொரு தளத்தின் பக்கத்தைக் காட்டும் கட்டம். பார்டாட்டுக்கு 2022ல் நீளமாக வேறு பெயர் வைத்துவிட்டார்கள், ஆனாலும் எல்லோரும் இன்னும் பார்டாட் என்றுதான் சொல்கிறோம். அதில் செய்த ஃபார்மை நம் தளத்தில் எம்பெட் செய்தால் ஐஃப்ரேமாகத்தான் வரும். ஒரு வரி கோடை ஒட்டினால் வேலை முடிந்தது, டெவலப்பரே வேண்டாம். ஆனால் நம் தளத்தின் சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் கோடு) உள்ளே போகாது, பட்டனின் நிறத்தை மாற்றக்கூட அங்கே போய்த்தான் மாற்ற வேண்டும், வாடகை வீட்டில் ஆணி அடிக்க ஓனரைக் கேட்பது போல. உயரமும் நாம் கொடுத்ததுதான் என்பதால், மொபைலில் ஏதாவது ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட்டு எரர் மெசேஜ் வந்தால் ஃபார்ம் நீண்டு, சப்மிட் பட்டன் கீழே மறைந்துவிடும். சப்மிட் செய்த பிறகு வரும் நன்றிப் பக்கமும் அந்தச் சின்னக் கட்டத்துக்குள்ளேயே திறந்துகொள்ளும்.

இதையெல்லாம்கூட சகித்துக்கொள்ளலாம், யூடிஎம் (எந்த விளம்பரத்திலிருந்து வந்தார் என்று சொல்ல லிங்கில் சேர்க்கும் குறிப்பு) விஷயத்தைத்தான் முடியாது. விளம்பரத்தைக் கிளிக் செய்து வருபவரின் யூடிஎம் விவரம் வெளிப்பக்கத்தின் முகவரியில் இருக்கும், ஐஃப்ரேமுக்கு அது தானாக வந்து சேராது. தனியாக ஸ்கிரிப்ட் எழுதி ஐஃப்ரேமின் முகவரியோடு ஒட்டி அனுப்பினால்தான் உண்டு. அதைச் செய்யாத இடங்களில், காசு கொடுத்து வாங்கிய லீட் எல்லாம் எங்கிருந்து வந்தது என்றே தெரியாமல் சிஆர்எம்மில் (சேல்ஸ் டீம் வாடிக்கையாளர் விவரத்தை வைத்திருக்கும் மென்பொருள்) கிடக்கும்.

ஸ்கிரிப்டாக எம்பெட் செய்வது, அதாவது ஹப்ஸ்பாட், மார்க்கெட்டோ வழி, இதைவிடப் பரவாயில்லை. மார்க்கெட்டோ ஃபார்ம் பக்கத்தின் உள்ளேயே சேர்ந்துவிடுவதால் நம் சிஎஸ்எஸ் எடுபடும், ஹப்ஸ்பாட்டில் எந்த வகை எம்பெட் என்பதையும் எந்த பிளான் என்பதையும் பொறுத்து மாறும். சிக்கல் ஆட்பிளாக்கர். ஃபயர்ஃபாக்ஸில் டிராக்கிங் தடுப்பைக் கடுமையாக வைத்திருப்பவருக்கு மார்க்கெட்டோ ஃபார்ம் வராமலே போகலாம், எரர் எதுவும் காட்டாது, அந்த இடம் காலியாக இருக்கும், அவ்வளவுதான். ஸ்கிரிப்டை நம் சப்டொமைனிலிருந்து (நம் தள முகவரியின் ஒரு கிளை) லோட் செய்தால் ஓரளவு தப்பலாம். ஐடி துறை ஆட்களுக்கு விற்கிற கம்பெனி என்றால் இதை அலட்சியப்படுத்தாதீர்கள், ஆட்பிளாக்கர் வைத்திருப்பதே அவர்கள்தானே. ஃபார்ம் வராவிட்டால் தெரியும்படி ஒரு ஈமெயில் முகவரியாவது அங்கே போட்டுவையுங்கள்.

மூன்றாவது, நம் சப்டொமைனில் ஆட்டோமேஷன் கம்பெனியின் லேண்டிங் பேஜ் (ஃபார்மோடு சேர்ந்த தனிப் பக்கம்) வைப்பது இருக்கிறதே, அது வெபினார் மாதிரி இரண்டு வாரத்தில் முடிகிற வேலைக்கு ரொம்ப நல்லது. விற்கும்போது "சிநேம் போட்டுவிட்டால் எல்லாம் ஃபர்ஸ்ட் பார்ட்டி குக்கீதான், கவலையே வேண்டாம்" என்பார்கள். சிநேம் என்பது நம் சப்டொமைனை அவர்கள் சர்வருக்குத் திருப்பிவிடும் டிஎன்எஸ் பதிவு; ஃபர்ஸ்ட் பார்ட்டி குக்கீ என்றால் வந்தவரை அடையாளம் காண நம் முகவரியின் பெயரிலேயே பிரவுசரில் வைக்கும் குறிப்பு, வேறு தளத்தின் பெயரில் வைப்பது தேர்ட் பார்ட்டி. அவர்கள் சொல்வது பாதிதான் உண்மை. சஃபாரி 2020 மார்ச்சிலேயே தேர்ட் பார்ட்டி குக்கீயை மொத்தமாகத் தடுத்துவிட்டது, அதே வருடக் கடைசியில் இப்படி சிநேம் வழியாக வைக்கப்படும் குக்கீக்கும் ஏழு நாள்தான் ஆயுள் என்று வைத்துவிட்டது. ஐபோனில் ஒருமுறை வந்தவர் பத்து நாள் விட்டு வந்தால் புது ஆள் கணக்குதான்.

இப்போது நான் எங்கும் முதலில் பரிந்துரைப்பது நான்காவது வழி: ஃபார்ம் நம்முடையது, நம் தளத்திலேயே இருக்கும், தகவல் மட்டும் ஆட்டோமேஷனுக்குப் போகும். பார்டாட்டில் இதற்கு ஃபார்ம் ஹேண்ட்லர், ஹப்ஸ்பாட்டில் ஃபார்ம்ஸ் ஏபிஐ. தகவலை அனுப்புவது பிரவுசரா நம் சர்வரா என்பதை மட்டும் கவனியுங்கள். பார்டாட் ஹேண்ட்லருக்கு சர்வரிலிருந்து அனுப்பினால் வந்தவரின் குக்கீ போகாது, அதற்கு முன் அவர் எந்தப் பக்கமெல்லாம் பார்த்தார் என்ற வரலாறு லீடோடு ஒட்டாது. ஹப்ஸ்பாட்டில் அந்தக் குக்கீயின் மதிப்பையும் ஐபி முகவரியையும் நாமே சேர்த்து அனுப்ப வழி இருப்பதால் சர்வர் வழியும் சரிதான்.

இந்த வழியில் எனக்கு முக்கியமானது, ஒரு நகல் நம் டேட்டாபேஸிலும் தங்குவது. வேர்ட்பிரஸ்ஸில் கிராவிட்டி ஃபார்ம்ஸ் அதைத் தானே சேமித்துவைக்கும், கான்டாக்ட் ஃபார்ம் 7க்கு ஃபிளமிங்கோ என்ற பிளகின் கூடவே வேண்டும். ஒரு கிளையன்ட் ஆபீஸில் யாரோ ஆட்டோமேஷன் பக்கத்தில் ஒரு ஃபீல்டைக் கட்டாயம் என்று மாற்றிவிட்டார், ஃபார்மில் அந்தக் கட்டமே கிடையாது. வந்தவருக்கு நன்றி என்று காட்டியது, லீட் எதுவும் உள்ளே போகவில்லை. சேல்ஸ் டீம் "ஏன் இந்த வாரம் ஒன்றுமே வரவில்லை" என்று கேட்ட பிறகுதான் தெரிந்தது. கிராவிட்டியில் நகல் இருந்ததால் மொத்தத்தையும் எடுத்துக்கொடுக்க முடிந்தது.

இழப்பும் உண்டு. ஏற்கெனவே தெரிந்த விவரத்தை விட்டுவிட்டு அடுத்த கேள்வியைக் கேட்கிற புரோகிரெசிவ் புரொஃபைலிங் போய்விடும். சிஆர்எம்மில் டிராப்டவுனில் ஒன்றைச் சேர்த்தால் ஃபார்மிலும் கையால் சேர்க்க வேண்டும். அப்புறம் ஸ்பேம்: பிரவுசரே நேராக அனுப்பும்போது ஹேண்ட்லரின் முகவரி பக்கத்தின் சோர்ஸில் அப்படியே தெரியும், பாட் (தானாக ஃபார்ம் நிரப்பும் புரோகிராம்) உங்கள் கேப்ட்சாவைத் தொடாமலே நேராக அங்கே குப்பை கொட்டலாம். ஹனிபாட் ஃபீல்ட் (மனிதர் கண்ணுக்குத் தெரியாத, பாட் மட்டும் நிரப்பி மாட்டிக்கொள்ளும் கட்டம்) ஒன்று வையுங்கள், ஆட்டோமேஷன் உள்ளேயும் ஒரு வடிகட்டி ரூல் போடுங்கள்.

மாட்டிக் ஓப்பன் சோர்ஸ், சர்வரும் நம்முடையது என்பதால் இந்தப் பஞ்சாயத்து பெரும்பாலும் இல்லை. ஆனால் க்ரான் (சர்வரில் குறித்த நேரத்துக்கு வேலைகளைத் தானாக ஓட்டுவது) நின்றுவிட்டால் ஃபார்ம் வாங்கிக்கொண்டே இருக்கும், கேம்பெயின் மெயில் போகாது. சர்வரைத் தினமும் பார்க்க ஆள் இல்லாத இடத்தில் நான் இதைச் சொல்வதில்லை.

சரி, டெமோவில் என்ன கேட்கலாம்? உங்கள் தளத்தில் ஒரு டெஸ்ட் பக்கம் போட்டு, யூடிஎம் சேர்த்த லிங்கை ஐபோன் சஃபாரியில் ஒருமுறை, ஆட்பிளாக்கர் உள்ள ஃபயர்ஃபாக்ஸில் ஒருமுறை திறந்து, வேண்டுமென்றே ஒரு கட்டத்தைக் காலியாக விட்டு சப்மிட் செய்யச் சொல்லுங்கள். அந்த லீட் எந்த விவரத்தோடு உள்ளே வந்து விழுகிறது என்று திரையில் காட்டச் சொல்லுங்கள்.