‘என்சைம் கிரீம்’ விற்பவர்களிடம் கவனம்: டர்பன் பக்கம் இருப்பவர்களுக்கு

சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கம் நம் ஆட்கள் கூடுகிற இடமாகப் பார்த்து, கல்யாண மண்டப வாசல், காவடித் திருவிழா, வார இறுதிச் சந்தை என்று, மேசை போட்டு ஒரு கிரீம் விற்கிறார்கள். தோலுக்குள் இருக்கும் அதே என்சைம் (உடம்பின் வேதி வேலைகளைச் செய்யும் புரதம்) இதில் இருக்கிறதாம், பாதுகாப்புச் சுவரைத் திரும்பக் கட்டுமாம். வெள்ளை ஜாடி, தங்க நிற மூடி, 680 ராண்ட். கூடவே 120 ராண்டுக்கு ஒரு சோப்பு. இரண்டையும் வாங்காதீர்கள். ஏன் என்று சொல்கிறேன், பதிவு நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் எக்சிமா, அதாவது அரிப்பும் சிவப்புமாக வரும் தோல் நோய். காவடி நேரத்து வெயிலும் வியர்வையும் சேர்ந்தால் சொறிந்து சொறிந்து ரத்தமே வந்துவிடும். மேசைக்குப் பின்னால் இருந்த ஆன்ட்டி நல்ல பேச்சுக்காரி. என் கழுத்தைப் பார்த்ததும் பேனா மாதிரி ஒரு மெஷினை வைத்து அழுத்தி, “பார் கண்ணு, உன் பேரியர் 31 சதவீதம்தான்” என்றார். பேரியர் என்றால் அந்தப் பாதுகாப்புச் சுவர். கிரீமைத் தடவி மறுபடி வைத்தார், 78. சுற்றி நின்றவர்கள் வாயைப் பிளந்தார்கள். அந்த மாதிரி மெஷின் தோல் மின்சாரத்தை எவ்வளவு கடத்துகிறது என்றுதான் பார்க்கிறது, அதாவது ஈரப்பதம். ஈரத் துணியால் துடைத்தாலும் எண் ஏறும். இதற்கும் என்சைமுக்கும் சம்பந்தமே இல்லை.

கிரீம் போட்ட சில நாளிலேயே அரிப்பு நின்று, சிவப்பு போய், கழுத்து பளபளவென்று ஆனது. அதைப் பார்த்து எங்கள் வீட்டுக்காரரின் அத்தையும் ஒரு ஜாடி வாங்கிவிட்டார். அப்புறம் தோல் மெலிந்து, சின்னச் சின்ன ரத்தக் குழாய் வெளியே தெரிய ஆரம்பித்தது. ஜாடி தீர்ந்ததும் முன்பு இருந்ததைவிட மோசமான எரிச்சல், கழுத்து மட்டுமில்லாமல் வாயைச் சுற்றியும் பொரிப்பொரியாக. ஆன்ட்டிக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினால், “நஞ்சு வெளியே வருதும்மா, அது நல்ல அறிகுறி, இன்னொரு ஜாடி போட்டால் அடங்கிடும்” என்று பதில்.

தோல் டாக்டர் பார்த்த உடனே கேட்டது, “என்ன ஸ்டீராய்டு போடுகிறீர்கள்?” என்பதுதான். ஸ்டீராய்டு என்றால் அரிப்பையும் சிவப்பையும் சட்டென்று அடக்கும் மருந்து. லேபில் யாரும் சோதிக்கவில்லை, ஆனால் தோல் காட்டிய அடையாளம் எல்லாம் வீரியமான ஸ்டீராய்டுக்கு உரியவை என்றார். பெயர் இல்லாத ஜாடிகளில், முக்கியமாகச் சிவப்பழகு கிரீம் என்று இந்த நாட்டில் கள்ளத்தனமாக விற்பவற்றில், குளோபெட்டசால் என்ற ஸ்டீராய்டு அகப்படுவது புதிதல்ல. சட்டப்படி அது டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து.

எனக்குக் கோபம் ஸ்டீராய்டு மேல்கூட இல்லை. டாக்டர் சொல்லி அளவாகப் போட்டால் அது மருந்துதான். ஆனால் அந்த ஆன்ட்டி பேசியதில் பாதி உண்மை, அதனால்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். தோலைக் கட்டுவது என்சைம்கள்தான். தோலின் அடி அடுக்கில் பிறக்கும் செல், ஏறக்குறைய இரண்டு வாரம் மேலே நகர்ந்து வந்து தட்டையாகிச் செத்து, இன்னும் இரண்டு வாரம் கவசமாக இருந்து உதிர்கிறது. சாவதற்கு முன்னால் டிரான்ஸ்குளூட்டாமினேஸ்-1 என்ற என்சைம், செல்லின் ஓரத்தில் இருக்கும் லோரிக்ரின், இன்வோலுக்ரின் போன்ற புரதங்களை ஒன்றோடொன்று பிரிக்க முடியாதபடி பிணைத்து உறையாக்குகிறது. அப்படி உறை போட்ட செல்தான் செங்கல் என்றால், செல்களுக்கு நடுவே இருக்கும் செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலம் எல்லாம் சாந்து. அந்தச் செராமைடைத் தயாரிப்பதும் என்சைம்கள்தான், செல் வெளியே தள்ளும் மூலப்பொருளைக் கடைசிக் கட்டத்தில் வெட்டிச் செராமைடு ஆக்குகின்றன.

இந்த ஊர்க்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று: தென்னாப்பிரிக்கக் குழந்தைகளிடம் அதிகம் பதிவான ஒரு அபூர்வத் தோல் நோய் உண்டு, முக்கியமாக நீச்சலுடை மறைக்கும் இடத்தில் செதில் செதிலாக இருக்கும், கையும் காலும் முகமும் ஓரளவு நன்றாக இருக்கும். காரணம் அதே டிரான்ஸ்குளூட்டாமினேஸ்-1. மரபணுக் கோளாறால் அந்த என்சைம் உடம்பின் சூடான பகுதியில் வேலை செய்யாது, குளிர்ச்சியான கைகாலில் கொஞ்சம் செய்யும் என்று 2006-இல் ஆய்வில் காட்டினார்கள். கோளாறில்லாத என்சைம் உடம்புச் சூட்டைத் தாங்கும், ஆனால் அதுவும் புரதம்தான், அதிகச் சூட்டில் கெடக்கூடியது. அப்படிப்பட்ட சமாச்சாரத்தை, டர்பன் பிப்ரவரி வெயிலில் கார் டிக்கியில் வைத்து எடுத்துவந்து ஜாடியில் விற்கிறாராம்!

சரி, கெடாமலே இருந்தது என்று வைத்துக்கொள்வோம். தோலின் மேலடுக்கைத் தாண்டி உள்ளே போக மூலக்கூறு சுமார் 500 டால்டனுக்குள் (டால்டன் என்பது மூலக்கூறின் எடையைச் சொல்லும் அளவு) இருக்க வேண்டும் என்று தோல் மருத்துவத்தில் பொதுவாக ஒரு கணக்கு சொல்வார்கள். டிரான்ஸ்குளூட்டாமினேஸ்-1 ஏறக்குறைய 90,000 டால்டன். அது வேலை செய்ய வேண்டியது செல்லுக்கு உள்ளே, தோலுக்கு மேலே இல்லை. குளோபெட்டசால் புரோப்பியோனேட் எவ்வளவு தெரியுமா? 467. எது உள்ளே போகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். வீரியமான ஸ்டீராய்டு சில நாள் போட்டாலே தோல் தன் கொழுப்பைத் தயாரிப்பது குறையும் என்றும் டாக்டர் சொன்னார். சுவர் கட்டுகிறேன் என்று சொல்லி விற்ற பொருள், சாந்து குழைப்பதை நிறுத்திவைத்திருக்கிறது.

அந்தச் சோப்பு இன்னொரு கூத்து. ஆரோக்கியமான தோலின் மேல்பரப்பு லேசான அமிலம், பிஎச் 5 பக்கம் (பிஎச் என்பது அமிலமா காரமா என்று சொல்லும் எண், 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்). செராமைடு தயாரிக்கும் என்சைம்களுக்கு அந்த அமிலம் வேண்டும். செல்களைப் பிடித்துவைத்திருக்கும் இணைப்புகளை வெட்டி உதிரச் செய்யும் கலிக்ரைன் என்ற இன்னொரு வகை என்சைம்கள், அமிலம் குறையக் குறைய வேகம் எடுக்கும். எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் கலந்து செய்யும் உண்மையான சோப்பு 9, 10 பிஎச். ‘என்சைம் சோப்பு’ என்று காசு வாங்கிக்கொண்டு, கட்டுகிறவற்றை மந்தமாக்கி வெட்டுகிறவற்றை முடுக்கிவிடும் பொருளைக் கொடுத்திருக்கிறார். வீட்டில் செய்தது, இயற்கை, வேப்பிலை போட்டது என்றாலும் பிஎச் மாறாது.

பணம் திரும்பக் கேட்டேன். “திறந்த ஜாடியைத் திருப்ப முடியாது” என்றார், அது பொய். 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறைபாடுள்ள பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பலாம். ஆளே வந்து பேசி விற்பது நேரடி விற்பனைக்குள் வந்தால், காரணம் சொல்லாமலே ஐந்து வேலை நாளுக்குள் ரத்து செய்யவும் வழி இருக்கிறது. அந்தச் சட்டத்தின் பெயரை எழுதி அனுப்பியதும் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். ரசீதும் கிடையாது, முகவரியும் கிடையாது. சட்டம் இருந்து என்ன, மேசையை மடித்துக்கொண்டு போகிற ஆளை எங்கே போய்ப் பிடிப்பது?

வாங்குவதற்கு முன் ஜாடியைத் திருப்பிப் பாருங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்ற பட்டியல், தயாரித்தவர் முகவரி, தொகுதி எண் இல்லையென்றால் வைத்துவிட்டு நடங்கள். மருந்து என்றால் கட்டத்துக்குள் எஸ்2, எஸ்4 மாதிரி அட்டவணை எண்ணும் பதிவு எண்ணும் இருக்கும். எனக்கு இப்போது டாக்டர் கொடுத்திருப்பது மருந்தகத்தில் மலிவாகக் கிடைக்கும் எமல்சிஃபையிங் ஆயின்ட்மென்ட், வாசமில்லாத சோப்பு அல்லாத வாஷ், அரிப்பு கூடும்போது அளவு சொல்லி ஒரு லேசான மருந்து. பளபளப்பு எதுவும் இல்லை, மெதுவாகத்தான் ஆறுகிறது.

ஏற்கெனவே இந்த ஜாடியைப் போட்டுக்கொண்டிருப்பவர்கள் பதிவைப் படித்த வேகத்தில் குப்பையில் எறிய வேண்டாம். நீண்ட நாள் போட்டிருந்தால் திடீரென்று நிறுத்தும்போது தோல் கொதித்துப்போகும், எங்கள் அத்தைக்கு அப்படித்தான் ஆனது. ஜாடியையும் கையோடு எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள், எவ்வளவு நாள் போட்டீர்கள், எங்கெங்கே போட்டீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள். குழந்தைக்குப் போட்டிருந்தால் நாளைக்கே போங்கள்.