மிரர் டு அமெரிக்கா: முதல் பாதிக்கு ஐந்து ஸ்டார், மீதிக்கு மூன்று

பழைய புத்தகம் விற்கும் ஒரு ஆன்லைன் கடையில் வாங்கினேன். "நல்ல நிலையில்" என்று போட்டிருந்தார்கள். வந்தது அட்டை மடங்கி, ஆரம்பப் பக்கங்கள் முழுக்க யாரோ மஞ்சள் மார்க்கர் தீட்டிய பிரதி. அந்த மஞ்சள் நாற்பதாம் பக்கத்தோடு நின்றுவிடுகிறது, அதற்கு மேல் அவர் படிக்கவில்லை போல. பாவம், சரக்கு அதற்கப்புறம்தான் இருக்கிறது.

ஜான் ஹோப் ஃபிராங்க்ளின் 2005இல், தொண்ணூறு வயதில் வெளியிட்ட தன்வரலாறு இது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் வரலாற்றை எழுதியவர்களில் பெரிய பெயர். 1947இல் வந்த அவருடைய 'ஃப்ரம் ஸ்லேவரி டு ஃப்ரீடம்' பல பதிப்புகள் கண்டு முப்பது லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. அப்படிப்பட்டவர் தன் கதையை எப்படிச் சொல்வார் என்ற ஆசையில்தான் வாங்கினேன்.

பிறந்தது 1915, ஓக்லஹோமா மாநிலத்தில் ரென்டிஸ்வில் என்ற சின்ன ஊர். அப்பா வக்கீல். பிழைப்புக்காக முதலில் அவர் மட்டும் டல்சா நகரத்துக்குப் போகிறார், குடும்பம் பின்னால் வருவதாக ஏற்பாடு. 1921 மே 31, ஜூன் 1 தேதிகளில் வெள்ளையர் கும்பல் டல்சாவின் கறுப்பர் பகுதியான கிரீன்வுட்டைக் கொளுத்தியது. அப்பா உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாமல் அம்மாவும் பிள்ளைகளும் ஊரில் காத்திருக்கிறார்கள். அவர் பிழைத்தார், ஆபீஸ் எரிந்துபோனது. ஒரு கூடாரம் போட்டு அதில் உட்கார்ந்து கேஸ் நடத்தினார். எரிந்த இடத்தில் மக்கள் மறுபடி வீடு கட்ட முடியாதபடி நகராட்சி போட்ட விதியை எதிர்த்து வழக்காடி ஜெயித்தார். குடும்பம் டல்சாவுக்குப் போய்ச் சேர 1925 ஆகிவிட்டது. இதையெல்லாம் ஃபிராங்க்ளின் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல் எழுதுகிறார், படிக்கிற நமக்குத்தான் தொண்டை அடைக்கிறது.

அப்பா மாதிரி வக்கீலாக வேண்டும் என்றுதான் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்துக்குப் போகிறார். அங்கே தியடோர் கரியர் என்ற வெள்ளைக்கார வரலாற்றுப் பேராசிரியர் இவரை வரலாற்றுப் பக்கம் இழுத்துப் போட்டுவிட்டார். ஹார்வர்டில் இடம் கிடைத்தும் போகக் காசில்லை, அது 1930களின் பெருமந்தக் காலம், நாடே பொருளாதாரச் சரிவில் கிடந்தது, அப்பாவிடமும் பணமில்லை. பணம் ஒரு தடையாக இருக்கக் கூடாது என்று சொல்லி, கரியர் தானே 500 டாலர் கடன் வாங்கி இவர் கையில் கொடுக்கிறார். வாத்தியார் கடன் வாங்கி மாணவனைப் படிக்க வைத்த கதை! இதற்கு மேல் நான் என்ன விமர்சனம் எழுதுவது.

என்னைக் கேட்டால் புத்தகத்தின் உச்சம் ராலே ஆவணக் காப்பகம். 1939. முனைவர் பட்ட ஆய்வுக்காக வட கரோலினா மாநில ஆவணங்களைப் பார்க்கப் போகிறார். அடிமைகளாக இல்லாத கறுப்பர்கள் அந்த மாநிலத்தில் எப்படி வாழ்ந்தார்கள் என்பதுதான் தலைப்பு. கட்டடம் கட்டும்போது ஒரு கறுப்பர் இங்கே ஆராய்ச்சி செய்ய வருவார் என்று யாரும் நினைக்கவே இல்லை என்று இயக்குநர் சொல்கிறார், கொஞ்ச நாள் அவகாசம் கேட்கிறார். பிறகு தனியாக ஒரு சின்ன அறை, மேஜை, நாற்காலி. வெள்ளைக்கார உதவியாளர்கள் ஒரு கறுப்பருக்கு ஆவணக் கட்டு எடுத்துக் கொடுக்கும்படி ஆகிவிடக் கூடாதே, அதனால் கிடங்குச் சாவியையே இவர் கையில் கொடுத்துவிட்டார்கள்! இவர் பாட்டுக்கு உள்ளே போய், வேண்டியதை வேண்டிய மட்டும் தள்ளுவண்டியில் அள்ளிக்கொண்டு வருகிறார். வெள்ளைக்கார ஆய்வாளர்கள் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு வரிசையில் காத்துக் கிடக்கிறார்கள். இரண்டே வாரம். எங்களுக்கும் சாவி கொடு, இது பாரபட்சம் என்று அவர்கள் சண்டைக்கு வர, சாவியை வாங்கிவிட்டு இவருக்கும் உதவியாளர்களே எடுத்துக் கொடுக்கட்டும் என்றாகிவிட்டது. நான் வாய்விட்டுச் சிரித்தேன், அப்புறம் சிரித்ததற்கு வெட்கமாகவும் இருந்தது.

போர்க் காலத்தில் கடற்படைக்கு எழுத்தர்கள் தேவை என்று விளம்பரம் பார்த்துப் போகிறார். டைப்பிங், சுருக்கெழுத்து தெரியும், மேலே ஹார்வர்ட் முனைவர் பட்டம். நிறம் ஒன்றைத் தவிர உங்களிடம் எல்லாத் தகுதியும் இருக்கிறது என்று பதில். சரி, அப்படிப்பட்ட நாட்டுக்காகச் சண்டை போட வேண்டிய அவசியம் எனக்கில்லை என்று அவர் முடிவு செய்கிற பக்கங்களில்தான் முதல் தடவையாகக் குரல் உயர்கிறது. அந்தக் கோபம் புத்தகத்தில் இன்னும் நாலு இடத்திலாவது வந்திருக்கலாம்.

பள்ளிகளில் நிறப் பிரிவினையை உடைத்த பிரவுன் வழக்குக்காக, 1953இல் அதை நடத்திய கறுப்பின வக்கீல் தர்குட் மார்ஷலின் குழுவுக்கு வரலாற்று ஆய்வு செய்து கொடுத்தவர்களில் இவரும் ஒருவர். அரசியல் சாசனத்தின் 14ஆவது திருத்தத்தைக் கொண்டுவந்தவர்கள் பள்ளிப் பிரிவினையைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்று நீதிமன்றம் கேட்டது, அதற்குப் பழைய தாள்களைப் புரட்டத் தெரிந்த ஆட்கள் வேண்டியிருந்தது. இந்தப் பகுதி இன்னும் இருபது பக்கம் நீண்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். 1956இல், வெள்ளையர்களே பெரும்பான்மையாக இருந்த ப்ரூக்ளின் கல்லூரியில் ஒரு கறுப்பர் வரலாற்றுத் துறைக்குத் தலைவரானது நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கச் செய்தி. ஆனால் கல்லூரிக்குப் பக்கத்தில் அவருக்கு வீடு விற்கத்தான் ஆளில்லை.

இதற்குப் பிறகு வண்டி மெதுவாகிறது. சிகாகோ, ட்யூக், கேம்பிரிட்ஜ், இந்தச் சங்கத் தலைவர் பதவி, அந்தக் குழு, விருது, விருந்து, விமானம். யார் யாரோடு சாப்பிட்டார் என்பதெல்லாம் எனக்கெதற்கு? பக்கங்களைத் தள்ளினேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முழுசாகவும் தள்ளிவிடாதீர்கள். 1995இல் அதிபர் கிளின்டன் கையால் சுதந்திரப் பதக்கம் வாங்கப் போகிறார், அதற்கு முந்தின ராத்திரி வாஷிங்டனில் தான் உறுப்பினராக இருக்கும் காஸ்மாஸ் கிளப்பில் நண்பர்களுக்கு விருந்து. ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி இவர் கையில் டோக்கனைக் கொடுத்துத் தன் கோட்டை எடுத்து வரச் சொல்கிறார். எண்பது வயது மனிதர், சீருடை போட்ட பணியாளர் யாரிடமாவது கொடுங்கள் என்று பொறுமையாகச் சொல்கிறார். மொத்தப் பதவிப் பட்டியலையும் விட இந்த ஒரு சம்பவம் எனக்கு அதிகம் சொன்னது.

ஆங்கிலம் எளிமைதான், அகராதி அதிகம் தேவைப்படாது. அமெரிக்க வரலாறு கொஞ்சம்கூடத் தெரியாதவர்கள் உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய மறுகட்டமைப்புக் காலம் பற்றி ஏதாவது மேலோட்டமாகப் படித்துவிட்டுத் தொடங்கினால் நல்லது, அவர் அதையெல்லாம் நின்று விளக்குவதில்லை. நாவல் மாதிரி மனசைத் திறந்து கொட்டுவார் என்று எதிர்பார்த்து வாங்கினால் ஏமாறுவீர்கள். தனக்கு நேர்ந்த அவமானத்தையும் நாள், இடம், ஆள் என்று குறித்து வைக்கிற ஆள் அவர்.

மார்க்கர் விஷயத்தைப் படம் எடுத்துக் கடைக்கு அனுப்பினேன், திருப்பி அனுப்பினால் முழுப் பணம், வைத்துக்கொண்டால் நூறு ரூபாய் தள்ளுபடி என்றார்கள். வைத்துக்கொண்டேன்.