மண்டபத்தில் ஃபைபர் நெட்: மூன்று மாத அனுபவம்

ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் ஊரில் எங்கள் வீட்டுக்கு ஃபைபர் நெட் போட்டு மூன்று மாதம் ஆகிறது. போட்டதே மகளுக்காகத்தான், பிரெஞ்சு ஐஸ் ஸ்கேட்டிங் வீராங்கனை சூர்யா பொனாலி என்றால் அவளுக்கு உயிர் (பேரே நம்ம ஊர்ப் பேர் மாதிரி இருக்கிறதே, அதில் பிடித்த பிடிப்பு). 1991 முதல் 1995 வரை தொடர்ந்து ஐந்து முறை ஐரோப்பிய சாம்பியன், ஆனால் உலகப் போட்டியில் 1993, 94, 95 மூன்று வருடமும் வெள்ளிதான். 94-ல் ஜப்பானில் மேடையில் நின்று, போட்ட பதக்கத்தைக் கழற்றிவிட்டு அழுவார், எனக்கே தொண்டை அடைக்கும். மொபைல் டேட்டாவில் பார்த்தால், சரியாக அந்த இடத்தில்தான் வீடியோ நின்று வட்டம் சுற்றும்.

இப்போது அந்தத் தொல்லை இல்லை. 1998 நாகானோ ஒலிம்பிக்கில், தடை என்று தெரிந்தே பின்பல்டி அடித்து ஒற்றைக் காலில் இறங்கினாரே, நேற்று ராத்திரி அதை வேகம் குறைத்து, ஷூவின் கத்தி பனியைத் தொடும் நொடியை நாலு தடவை ஓட்டினோம், ஒரு தடவைகூட நிற்கவில்லை. "பத்தாவது இடம் கொடுத்தாங்களாம்பா" என்று மகளுக்கு இன்னும் ஆறவில்லை.

குறை என்றால், பலத்த காற்றில் ஒயர் அறுந்தால் ஆள் வர இரண்டு நாள் ஆகிறது. அப்புறம், நெட் பெட்டியை ஜன்னலோரம் வைக்காதீர்கள், உப்புக் காற்றில் அடாப்டர் பின் பச்சை பூத்துவிடும்.