உங்கள் முதல் வண்டி எது என்று சொல்லுங்கள்: நாலு 650களை அருகருகே வைத்துப் பார்ப்போம்

முதல் வண்டியை இரண்டு மூன்று வருடம் ஓட்டிய பிறகு ஒரு நாள் அது போதாமல் போய்விடும். கடைசி கியரில் ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகியும் முன்னால் போகிற லாரியைத் தாண்ட முடியாது. பின்னால் ஆள் உட்கார்ந்தால் மேட்டில் இன்ஜின் திணறும். அப்போதுதான் கண் 650 சிசி பைக்குகள் பக்கம் போகிறது. போகட்டும், சரியான இடம்தான். ஆனால் 650 வரிசையில் நிற்பதெல்லாம் ஒரே ஜாதி வண்டி இல்லை. யமஹா எம்டி-07, கவாஸாகி இசட்650, ஹோண்டா சிபி650ஆர், ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650 ஆகிய நாலையும்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன். இவற்றில் எது நல்லது என்று யாராவது என்னிடம் கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றே: இப்போது ஓட்டுவது எது?

பெரும்பாலோர் உச்ச பவரில் தொடங்குவார்கள். அதில் சிபி650ஆர் தனித்து நிற்கும், சுமார் 95 குதிரைத்திறன். எம்டி-07 73ஐ ஒட்டி வரும், இசட்650 68. இன்டர்செப்டர் 47தான். இந்த வரிசையை மட்டும் வைத்து முடிவெடுத்தால் ஏமாந்துபோவோம். அந்த 95 கிடைப்பது 12,000 ஆர்பிஎம்மில், அதாவது இன்ஜின் நிமிடத்துக்கு 12,000 சுற்று சுற்றும்போது. சாதாரண நாளில் அங்கே யார் போகிறார்கள்?

டார்க், அதாவது இன்ஜினின் இழுவை, எங்கே வருகிறது என்று பாருங்கள், படம் மாறும். எம்டி-07இன் 689 சிசி இன்ஜின் சுமார் 67 நியூட்டன் மீட்டரை 6,500 ஆர்பிஎம்மிலேயே கொடுத்துவிடும். இசட்650 கிட்டத்தட்ட அதே இடத்தில் 64 கொடுக்கும். இன்டர்செப்டரின் 52, ஐயாயிரத்தைத் தாண்டியதுமே வந்துவிடும். சிபி650ஆரின் 63க்கோ 9,500 வரை ஏற வேண்டும். ஒற்றைச் சிலிண்டர் வண்டியில் பழகிய கை, திருகியவுடன் இழுவையை எதிர்பார்க்கும். அந்தக் கைக்கு ட்வின் உடனே பிடிபடும், அதாவது இரண்டு சிலிண்டர் உள்ள மற்ற மூன்றும். சிபி650ஆரின் நாலு சிலிண்டர் பிடிபடக் கொஞ்ச நாள் ஆகும்.

சிபி650ஆரை இதற்காக ஒதுக்கிவிட முடியாது. கீழ் ஆர்பிஎம்மில் அது வெண்ணெய் மாதிரி ஓடும், நெரிசலில் பயமுறுத்தவே செய்யாது. சிக்கல் மேலே இருக்கிறது. ஆர்பிஎம் முள் 7,000, 8,000 என்று ஏற ஏறச் சத்தம் மாறும், அதோடு வண்டியின் சுபாவமும் மாறும். நேர்ச்சாலையில் அது பெரிய சந்தோஷம். வளைவின் நடுவில், வண்டி சாய்ந்திருக்கும்போது அந்த மாற்றம் வந்தால், பழகாத ஆள் ஆக்சிலேட்டரைச் சட்டென்று மூடிவிடுவார். பாரம் முன் சக்கரத்துக்குப் பாயும், வண்டியின் நிதானம் குலையும். எனவே 125, 150 சிசி ஓட்டியவர் நேராக இதற்குத் தாவுவதை நான் விரும்பமாட்டேன்.

அவர்களுக்கு இன்டர்செப்டர் நல்ல படி. 2018இல் வந்த வண்டி. பிஸ்டன்கள் சுழற்றுகிற தண்டான கிராங்க் 270 டிகிரி என்பதால் இரண்டு சிலிண்டரும் சம இடைவெளியில் வெடிக்காது. அதனால்தான் வி-ட்வின் (V வடிவில் இரண்டு சிலிண்டர்) போன்ற அந்தத் துடிப்பு. எம்டி-07லும் அதே 270 டிகிரிதான், இசட்650இல் 180. இன்டர்செப்டருடையது காற்றும் ஆயிலும் குளிர்விக்கிற இன்ஜின், ரேடியேட்டர் கிடையாது. வால்வ் இடைவெளியைத் திருகு வைத்தே சரிசெய்யலாம். மற்ற மூன்றிலும் ஷிம் என்கிற சின்ன உலோகத் தகட்டை மாற்ற வேண்டும். சிபி650ஆரில் அப்படி 16 வால்வ்.

ஆனால் கவாஸாகியின் நின்ஜா 400 ஓட்டுகிறவர் இன்டர்செப்டருக்கு மாறினால்? அவரிடம் ஏற்கெனவே 45 குதிரைத்திறன் இருக்கிறது, அதுவும் சுமார் 168 கிலோ வண்டியில். இன்டர்செப்டர் எரிபொருளோடு 210 கிலோவைத் தாண்டும். பெரிய வண்டிதான், ஆனால் வேகம் அதிகமாகாது. சாவகாசமான நீண்ட பயணமும், நிமிர்ந்து உட்காரும் சுகமும் வேண்டுமென்றால் சரி. வேகத்துக்காக என்றால் ஒரே மாதத்தில் மனசு சலித்துவிடும். பிரேக்கையும் கவனியுங்கள்: இன்டர்செப்டரில் முன்னால் ஒரே டிஸ்க், மற்ற மூன்றிலும் இரண்டு.

எடையைப் பற்றிக் காகிதம் சொல்வது பாதிதான். எம்டி-07 184 கிலோ, இசட்650 188, சிபி650ஆர் 200க்குக் கொஞ்சம் மேல். ஓடும்போது இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. நிற்கும்போதுதான் தெரியும். லேசான சரிவில், மூக்கு கீழ்நோக்கி நிற்கும் வண்டியைப் பின்னால் தள்ளிப் பாருங்கள். இடது கால் பொடிக்கல்லில் வழுக்கும், வண்டி ஓர் அங்குலம் சாயும். சின்ன வண்டியில் முழங்காலால் தாங்கிவிடுவோம். 200 கிலோ அந்த அங்குலத்தைத் தாண்டிவிட்டால் பிடிக்கவே கூடாது, விட்டுவிட்டு ஒதுங்குவதுதான் முதுகுக்கு நல்லது. இந்த இடத்தில்தான் இசட்650 மனதைக் கவர்கிறது. சீட் உயரம் 790 மில்லிமீட்டர், மற்ற மூன்றும் 800க்கு மேல். பின் டயர் அகலம் 160 மில்லிமீட்டர், எம்டி-07க்கும் சிபி650ஆருக்கும் 180. மெல்லிய டயர் சீக்கிரம் சாயும், மாற்றும்போது செலவும் குறைவு.

எம்டி-07இல் குறையே இல்லையா என்றால், உண்டு. ஆரம்ப வருட மாடல்களில் சஸ்பென்ஷன் மெத்தென்று இருக்கும். அழுத்திப் பிரேக் பிடித்தால் முன்பக்கம் குனியும். முதல் கியரில் முரட்டுத்தனமாகத் திருகினால் முன் சக்கரம் தரையை விடும். இருந்தும் 300, 400 ஓட்டிக் கையைப் பழக்கியவருக்கு என் பதில் எம்டி-07தான். திருகியது திருகியபடி கிடைக்கிற இழுவைக்காக. 200 சிசிக்குக் கீழிருந்து வருபவர் நிதானப் பேர்வழி என்றால் இன்டர்செப்டர், வளைவுகளில் ஆசை உள்ளவர் என்றால் இசட்650. சிபி650ஆரை, ஏதாவது ஒரு ட்வினில் இரண்டு வருடம் ஓட்டிய பிறகு எடுங்கள். அப்போது அதன் ஆர்பிஎம்மின் மேல்பாதி முழுக்க உங்கள் கைக்குள் இருக்கும்.

ஓட்டிப் பார்க்கக் கொடுத்தால் நேர்ச்சாலையில் பறந்துவிட்டுத் திரும்ப வேண்டாம். மூன்றாவது கியரில் 3,000 ஆர்பிஎம்மில் மெதுவாகத் திறந்து பாருங்கள், திக்குகிறதா, வழுவழுவென்று போகிறதா என்று. அப்புறம் ஹேண்டில்பாரை முழுக்க ஒடித்து, பாதி கிளட்சில் ஒரு யு-டர்ன். தோளும் மணிக்கட்டும் இறுகினால் அந்த வண்டி உங்களுக்கு இன்னும் பெரியது.

பழைய வண்டி என்றால் ஹேண்டில்பார் முனை, கிளட்ச் லீவர் நுனி, ஃபுட்ரெஸ்ட் ஓரம் மூன்றையும் தடவிப் பாருங்கள். நின்ற இடத்தில் சாய்ந்த வண்டியில் காயம் ஒரே புள்ளியில் நசுங்கியிருக்கும். ஓடும்போது விழுந்ததில் கீறல் நீளமாக, முன்னிருந்து பின்னோக்கி இழுத்திருக்கும். ஹேண்டில் முழுக்கத் திரும்பியதும் இடித்து நிற்கிற அந்தச் சின்ன இரும்பு முட்டுக்கட்டையையும் குனிந்து பாருங்கள். அது வளைந்தோ உடைந்தோ இருந்தால், எவ்வளவு பளபளப்பாகப் பெயின்ட் அடித்திருந்தாலும் அந்த வண்டி வேண்டாம்.