ஃப்ளாக் வட்டுக்கு, ஓபஸ் போனுக்கு

வீட்டு வட்டில், அதாவது ஹார்ட் டிஸ்கில், என் பாட்டுச் சேமிப்பு முழுக்க ஃப்ளாக்கில்தான் இருக்கிறது. ஒலியில் எதையும் இழக்காமல் சுருக்கி வைக்கும் ஃபைல் வகை அது. ஆனால் போனில் ஒரு ஃப்ளாக் ஃபைல்கூடக் கிடையாது. இதைச் சொன்னால் கேட்பவர்கள் முழிக்கிறார்கள். "நல்லா கேக்கும்னுதானே ஃப்ளாக்?" என்பார்கள். நான் வைத்திருப்பது அதற்காக இல்லை.

முதலில், ஒலியில் கொஞ்சம் இழந்து சுருக்கும் எம்பி3. பெரிய சத்தத்துக்கு அடியில் காதுக்கு எட்டாமல் போகும் சின்னச் சத்தங்களை வீசியெறிந்து இடத்தை மிச்சம் பிடிப்பதுதான் அதன் வேலை. நொடிக்கு 128 கிலோபிட்டில் அந்தச் சிக்கனம் அம்பலமாகிவிடும். கச்சேரிப் பதிவில் கைத்தட்டல் வரும் இடத்தைக் கேளுங்கள். கைகள் தனித்தனியாகப் படபடக்க வேண்டும். அதற்குப் பதிலாக மணலைச் சல்லடையில் ஆட்டுகிற மாதிரி ஒரே இரைச்சலாக வரும். காஸ்டனெட் என்ற கைத்தட்டுக் கருவி போன்ற வெடுக்கென்ற ஓசைகளில் இன்னொரு கோளாறு: அடி விழுவதற்கு ஒரு கணம் முன்பே மெல்லிய 'ஸ்' ஒன்று எட்டிப்பார்க்கும்.

சரி, அதே பாட்டை எம்பி3 ஆக்கும் லேம் என்கோடரில் வி0 என்ற உயர்தர அமைப்பு வைத்தோ 320 கிலோபிட்டிலோ மாற்றினால்? ஃபூபார்2000 என்ற பாட்டு பிளேயரில் ஏபிஎக்ஸ் சோதனை இருக்கிறது. எது எந்த ஃபைல் என்று மறைத்துவிட்டு நம்மைக் கண்டுபிடிக்கச் சொல்லும். 16 சுற்றில் 12 ஆவது சரியாக வந்தால்தான் காது பிடித்தது என்று சொல்லலாம். அதற்குக் கீழே காசைச் சுண்டியும் வாங்கிவிடலாம். நல்ல வயர் ஹெட்போன், ஃபேன்கூட ஓடாத அறை, எனக்கு மனப்பாடமான பாட்டுகள். அப்படியும் என் மதிப்பெண் பாதியைத் தாண்டி உருப்படியாகப் போகவே இல்லை.

எம்பி3 போலவே இழந்து சுருக்கும் வகைதான் 2012-இல் வந்த ஓபஸ், ஆனால் இன்னும் கெட்டிக்காரன். 128 கிலோபிட்டிலேயே எனக்குப் போதும். நாலு நிமிடப் பாட்டு 4 எம்பிக்குள் அடங்கும். ஃப்ளாக்கில் அதுவே 25 எம்பி பக்கம் போகும். ஒரே குறை, பழைய கார் ஸ்டீரியோக்கள் ஓபஸைச் சீண்டுவதில்லை. அங்கே எம்பி3தான் இன்றும் ராஜா.

போனில் ஃப்ளாக் வைப்பவர்கள் பெரும்பாலும் கேட்பது புளூடூத்தில். புளூடூத்தின் சுருக்கும் முறைகளான எஸ்பிசி, ஏஏசி, எல்டாக் எதுவானாலும் போன் பாட்டை மறுபடி சுருக்கித்தான் அனுப்பும். எல்டாக்கின் உச்சமே 990 கிலோபிட். சிடியின் அசல் ஓட்டமோ 1411. அப்புறம் எதற்கு அந்த 25 எம்பி?

வீட்டு வட்டில் கதை வேறு. ஃப்ளாக்கைப் பிரித்தால் சிடியில் இருந்தது ஒரு பிட் பிசகாமல் திரும்ப வரும். ஃபைலுக்குள்ளேயே அந்த ஒலியின் கைரேகை மாதிரி எம்டி5 முத்திரை இருப்பதால், பத்து வருடம் கழித்துச் சோதித்தாலும் ஃபைல் கெட்டிருக்கிறதா என்று காட்டிக்கொடுத்துவிடும். நாளைக்கு ஓபஸைவிட நல்லது ஒன்று வந்தால் இதிலிருந்து புதிதாக மாற்றி எடுத்துக்கொள்ளலாம். எம்பி3யிலிருந்து ஓபஸுக்கு மாற்றினால் சுருக்கியதையே மறுபடி சுருக்குவதுதான். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் உதிரும். ஆப்பிள்காரர்கள் ஆப்பிளின் இழப்பில்லா வகையான ஆலாக் வைத்துக்கொள்ளட்டும், ஃப்ளாக்குக்கும் அதற்கும் நடுவே மாற்றுவதில் எதுவும் போகாது.

24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்று விற்பதை நான் வாங்குவதில்லை. சிடி ஒலியை நொடிக்கு 44.1 ஆயிரம் தடவை அளக்கிறது; அந்த 44.1 கிலோஹெர்ட்ஸே 22 கிலோஹெர்ட்ஸ் வரையான ஓசையைப் பிடித்துவிடும். மனிதக் காது 20-க்கு மேல் போகாது, வயதானால் அதுவும் இல்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை. இணையத்தில் ஃப்ளாக் என்று காசு கொடுத்து ஓர் ஆல்பம் வாங்கினேன். எந்த உயரத்தில் எவ்வளவு ஓசை என்று படமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராமில் போட்டால் எல்லாப் பாட்டும் 16 கிலோஹெர்ட்ஸில் கத்தி வைத்து வெட்டினாற்போல் நிற்கிறது. யாரோ எம்பி3யை ஃப்ளாக் பைக்குள் திணித்து விற்றிருக்கிறார்கள். பழைய பதிவுகளிலும் உச்ச ஓசை குறைவுதான், ஆனால் அங்கே படம் மெல்லச் சரிந்து மங்கும். இப்படி நேர்க்கோடாக நிற்காது. இப்போதெல்லாம் வாங்கியதும் ஸ்பெக்ட்ரோகிராம் பார்த்துவிட்டுத்தான் வட்டில் சேர்க்கிறேன். நீங்களும் பணம் திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் பார்த்துவிடுங்கள்.