இன்வெர்ட்டர் கடையில் ஓர் இலவச சி.ஆர்.எம்.: ஐந்து வருடத்துக்கு மேல் ஓட்டிய அனுபவம்

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் இன்வெர்ட்டர், பேட்டரி விற்பனையும் சர்வீசும் செய்கிறேன். கடையில் நான், கணக்கும் போனும் பார்க்கிற மதினி, வீடு வீடாகப் போய் மாட்டித் தருகிற இரண்டு பையன்கள். அவ்வளவுதான். இந்த அளவு கடைக்கு சி.ஆர்.எம்., அதாவது வாடிக்கையாளர் விவரங்களைப் பதிந்து பின்தொடர உதவும் மென்பொருள், எதற்கு என்று 2018 வரை நானும் கேட்டுக்கொண்டிருந்தவன்தான்.

அந்த வருடம் ஒரு கல்யாணப் பந்தியில் பழைய வாடிக்கையாளர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "அண்ணாச்சி, போன மாசம் பேட்டரி போயிட்டு. உங்க நம்பர் எங்கயோ தவறிப்போச்சு, பக்கத்துல ஒரு கடையிலயே எடுத்துட்டேன்" என்றார். கோபமெல்லாம் இல்லை, ரசத்தைப் பிசைந்துகொண்டே சொன்னார். அவர் நம்பர் எங்களிடம் இருந்தது. பேட்டரி மாட்டிய தேதியும் இருந்தது, நாலாவது சர்வீஸ் நோட்டில் எங்கேயோ நடுவில். டியூபுலர் பேட்டரி நாலைந்து வருடத்தில் மாற்றத்துக்கு வரும் என்பது இந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் போன் போடவில்லை. நோட்டு வாய் திறந்து சொல்லாதே.

முதலில் போனது ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் இலவசத் திட்டத்துக்கு. பெயர் வேண்டாம். பத்து நிமிடத்தில் கணக்கு திறந்தாயிற்று, பார்க்கவும் அழகாக இருந்தது. ஒன்றரை வருடம் கழித்து, இலவசக் கணக்கில் வைத்துக்கொள்ளும் பதிவுகளின் எண்ணிக்கையைக் குறைக்கிறோம் என்று ஒரு மின்னஞ்சல். எங்களிடம் அதைவிட அதிகம் சேர்ந்துவிட்டது. கட்டணத் திட்டமோ ஆள் கணக்கில், டாலரில். சரி, எடுத்துக்கொண்டு கிளம்பலாம் என்று சி.எஸ்.வி. என்கிற எளிய அட்டவணைக் கோப்பாக இறக்கினேன்.

அங்கே தப்பு செய்தது நான். கோப்பை எக்செலில் திறந்து, இரண்டு பத்தியை அழித்துவிட்டு அப்படியே சேமித்துவிட்டேன். 91 சேர்த்து 12 இலக்கமாக இருந்த கைபேசி எண்களை எக்செல் 9.19E+11 என்று சுருக்கிக் காட்டும். சி.எஸ்.வி.யாகச் சேமித்தால் திரையில் காட்டுவதைத்தான் எழுதும், மீதி இலக்கங்கள் போயே போய்விடும். மூலக் கோப்பை வேறு அழித்திருந்தேன். மதினி அந்தப் பழைய நோட்டுகளை எடுத்து வைத்து, மூன்று வாரம் உட்கார்ந்து எண்களைத் திரும்ப ஏற்றினார். இன்றைக்கும் எக்செல் என்றாலே என்னை ஒரு பார்வை பார்ப்பார். சி.எஸ்.வி.யை நேராகத் திறக்காமல், டேட்டா பகுதிக்குப் போய் எண் பத்தியை 'டெக்ஸ்ட்' என்று குறித்து இறக்க வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது.

2020 ஊரடங்கில் கடை மூடிக் கிடந்தபோது மாற்று தேடினேன். ஜோஹோ சி.ஆர்.எம்.மின் இலவசப் பதிப்பு மூன்று பேருக்கு. நாங்கள் நாலு பேர். ஒருவரின் கடவுச்சொல்லை இருவர் பகிர்ந்துகொள்ளலாம்தான், ஆனால் யார் எதை மாற்றினார்கள் என்பது தெரியாமல் போகும். சுகர்சிஆர்எம்மின் திறந்த மூலப் பதிப்பிலிருந்து (நிரலை யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம்) 2013-இல் பிரிந்து வந்த சூட்சிஆர்எம்மைப் போட்டுப் பார்த்தேன். பெரிய சாமான். எங்களுக்கு அதில் பாதி எதற்கென்றே புரியவில்லை. கடைசியில் நின்றது எஸ்போசிஆர்எம். அதுவும் திறந்த மூல மென்பொருள், பி.எச்.பி. என்ற நிரல்மொழியும் மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தளமும் இருக்கிற சாதாரண ஹோஸ்டிங்கிலேயே, அதாவது வாடகை சர்வரிலேயே ஓடும். எத்தனை பேர், எத்தனை பதிவு என்ற கணக்கே கிடையாது. இலவசம் என்பது மென்பொருளுக்குத்தான். ஹோஸ்டிங்குக்கும் டொமைன் என்கிற இணைய முகவரிக்கும் வருடா வருடம் காசு கட்டத்தான் வேண்டும்.

நிறுவியதும் முதல் மாதம் ஒரு நினைவூட்டல் மின்னஞ்சல்கூட வரவில்லை. மென்பொருளைத் திட்டித் தீர்த்தேன். கிரான் என்கிற ஒரு வரியை சர்வரில் போட்டால்தான் நேரம் பார்த்துச் செய்ய வேண்டிய வேலைகள் ஓடும் என்று நிறுவும்போதே கடைசித் திரையில் சொல்லியிருந்தார்கள். நான் படிக்காமல் தாண்டியிருந்தேன்.

அடுத்த வேலை, வேண்டாததை மறைப்பது. உள்ளே போனால் லீட், ஆப்பர்ச்சுனிட்டி, கேம்பெயின், கேஸ் என்று ஏகப்பட்டது. மதினி பார்த்துவிட்டு, "தம்பி, இதுல நான் எதைத் தொடணும், எதைத் தொடக்கூடாது, அதை மட்டும் சொல்லுங்க" என்றார். ஒவ்வொன்றாக மறைத்தேன். லேபிள் மேனேஜர் என்று ஒன்று இருக்கிறது, அதில் பெயர்களைத் தமிழில் மாற்றிக்கொள்ளலாம். இப்போது எங்கள் மெனுவில் இருப்பது வாடிக்கையாளர், பேட்டரி, புகார் என்ற மூன்றுதான். 'பேட்டரி', புது வகைப் பதிவுகளை உருவாக்குகிற என்டிட்டி மேனேஜரில் நாங்களே உருவாக்கியது. அதில் மாட்டிய தேதி, வாரண்டி முடியும் தேதி, சீரியல் எண், அடுத்துக் கூப்பிட வேண்டிய தேதி.

அந்தக் கடைசித் தேதிக்காகத்தான் இவ்வளவு பாடும். ஒர்க்ஃப்ளோ (வேலைகளைத் தானாக நடத்துவது), அறிக்கை எல்லாம் எஸ்போவில் காசு கொடுத்து வாங்குகிற அட்வான்ஸ்டு பேக்கில்தான் வரும். ஆனால் ஃபார்முலா இலவசப் பதிப்பிலேயே உண்டு. மாட்டிய தேதியைப் போட்டுச் சேமித்தால், மூன்று மாதம் கூட்டி 'அடுத்த தேதி' தானாக விழும்படி ஒரு சின்ன வரி எழுதினேன். டிஸ்டில்டு வாட்டர் பார்க்கிற நேரம் அது. காலையில் மதினி திரையைத் திறந்தால், இன்றைக்குக் கூப்பிட வேண்டியவர்களின் பட்டியல் முன்னால் நிற்கும். மூன்றரை வருடம் தாண்டிய பேட்டரிகளுக்குத் தனியாக ஒரு வடிகட்டி சேமித்து வைத்திருக்கிறோம். எங்கள் மாற்றுப் பேட்டரி வியாபாரத்தில் பெரும்பகுதி அந்த வடிகட்டியிலிருந்துதான் வருகிறது.

பெயர் ஒன்றாக இருந்தால், இது ஏற்கெனவே இருக்கிறதே என்று எச்சரிக்கும். நல்ல வசதிதான், ஆனால் திருநெல்வேலியில் இசக்கி என்றும் சுடலை என்றும் தட்டினால் தினமும் எச்சரிக்கும். பெயரோடு தெருவைச் சேர்த்து எழுத ஆரம்பித்த பிறகு ஓய்ந்தது.

ஏரியாவை மட்டும் தட்டச்சு செய்ய விடாமல், பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி ஆரம்பத்திலேயே மாற்றினேன். பையன்கள் வண்ணார்பேட்டையை ஆறு விதமாக எழுதியதால் வந்த எரிச்சல்தான் காரணம். அது 2023 டிசம்பரில் கை கொடுத்தது. 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி ஊருக்குள் வந்துவிட்டது. கடைக்குள் இடுப்பளவு தண்ணீர். கணினி போயிற்று, நோட்டெல்லாம் கூழாகிவிட்டது. பதிவுகள் வெளியூர் சர்வரில் இருந்ததால் தப்பின. போன் சிக்னல் திரும்பியதும் மதினி தன் கைபேசியிலேயே திறந்து, மீனாட்சிபுரம், கொக்கிரகுளம், சிந்துபூந்துறை, வண்ணார்பேட்டை நாலையும் வடிகட்டினார். மூன்று பேர் உட்கார்ந்து வரிசையாகக் கூப்பிட்டோம். விற்பதற்காக இல்லை. நனைந்த இன்வெர்ட்டரை ஆன் செய்யாதீர்கள், நாங்கள் வந்து பார்க்கிற வரை வயரைத் தொடாதீர்கள் என்று சொல்ல. பேட்டரியின் மூடி வழியாக வெள்ள நீர் உள்ளே போயிருந்தால் ஆசிட் கெட்டிருக்கும், அதையும் சொன்னோம். பாதிப் பேர் போன் எடுக்கவில்லை, சார்ஜ் இருந்திருக்காது. எடுத்தவர்களில் ஓர் அம்மா, "வீட்டுக்காரர் இப்பத்தான் சுவிட்சு கிட்டப் போனாரு" என்று சொல்லிவிட்டு, போனை வைக்காமலே அவரைச் சத்தம் போட்டார்.

குறைகளும் இருக்கின்றன. சிக்னல் இல்லாவிட்டால் இது வெறும் வெள்ளைத் திரை. மாஞ்சோலைப் பக்கம் சர்வீஸுக்குப் போகிற பையன் தாளில்தான் எழுதி வருவான், மாலையில் மதினி ஏற்றுவார். இரண்டு நாள் ஏற்றாமல் விட்டால் மூன்றாம் நாள் பட்டியலே பொய்யாகிவிடும். நடந்திருக்கிறது, ஏற்கெனவே தண்ணீர் ஊற்றிய வீட்டுக்கே திரும்பப் போன் போட்டிருக்கிறோம்.

குறுஞ்செய்தி தானாகப் போகும் என்று கனவு கண்டேன். இந்தியாவில் மொத்தமாக எஸ்.எம்.எஸ். அனுப்ப டி.எல்.டி. என்கிற பதிவேட்டில் நிறுவனத்தையும் செய்தி வாசகத்தையும் பதிய வேண்டும், அதற்கும் கட்டணம் உண்டு. விட்டுவிட்டேன். வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் நம் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் போய்ச்சேரும். நம் எண்ணைத் தொலைத்தவரிடம்தானே நமக்கு வேலையே? ஆகவே போன்தான். மதினி பேசினால் நாலில் ஒருவராவது தங்கை வீட்டுக்கும் ஒரு இன்வெர்ட்டர் விலை கேட்கிறார், அந்த வேலையை எந்தச் செய்தியும் செய்யாது.

ஆள் விலகும்போது பட்டியலோடு போய்விடுவானோ என்கிற பயம் எல்லாக் கடைக்காரர்களுக்கும் உண்டு. ரோல் பகுதியில் பையன்களுக்கு அவரவர் பெயரில் இருக்கும் பதிவு மட்டும் தெரியும்படி வைத்து, பட்டியலைக் கோப்பாக இறக்குகிற அனுமதியை எடுத்துவிட்டேன். ஒரு பையன் போன வருடம் சொந்தமாகத் தொழில் தொடங்கினான். அவன் மாட்டிய வீடுகளில் சில அவனோடுதான் போயின. அது மென்பொருள் தடுக்கிற விஷயம் இல்லை, பையனும் நல்ல வேலைக்காரன்.

சர்வர், பேக்கப் என்றால் தலை சுற்றுகிறவர்கள் இதில் இறங்க வேண்டாம். ஜோஹோ மாதிரி ஏதாவது ஒன்றின் இலவசத் திட்டமே போதும், மாதம் ஒருமுறை சி.எஸ்.வி. இறக்கிப் பத்திரமாக வையுங்கள். எங்களுக்கு ஞாயிறு இரவு தரவுத்தளமும் கோப்புகள் இருக்கும் டேட்டா ஃபோல்டரும் தானாகப் பிரதியாகி வேறிடம் போகின்றன. வருடத்துக்கு இரண்டு முறை அந்தப் பிரதியிலிருந்து திறந்தும் பார்க்கிறேன்.

இப்போது புதிய பதிப்பு வந்திருப்பதாக நிர்வாகப் பக்கத்தில் ஒரு வாரமாக அறிவிப்பு நிற்கிறது. மதினியிடம் சொன்னேன். "சித்திரை வெயில் முடியட்டும். சீசன்ல கை வைக்காதீங்க" என்றார். ஆனியில்தான் தொடுவேன்.